கூடம் கோணல்தான், ஐயா!

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” தோற்றுப் போய்ச் சாக்குச் சொல்கிறவனை மடக்க இதைவிட நல்ல பழமொழி கிடையாது. சொன்னால் போதும். ஆள் வாயைத் திறக்க மாட்டான்.

ஆனால் ஒரு கேள்வி. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

அப்போது யாரைக் கேலி செய்வது? ஆடியவளையா? கூடம் கட்டிய கொத்தனாரையா?

கம்ப்யூட்டர் போர் விளையாட்டு உலகத்தில் 20 வருஷத்துக்கு மேலாக ஓயாமல் நடக்கும் சண்டை இதுதான். ஆட்டத்தின் பெயர் ‘ஸ்டார் கிராப்ட்’. சண்டை நடக்கும் ஊர் தென்கொரியத் தலைநகர் சியோல். சண்டைக்குக் காரணம் ‘மேப்’. அதாவது, இரண்டு பேரும் மோதுகிற களத்தின் படம்.

“மேப் சரியில்லே!” என்பான் தோற்றவன். “உனக்கு ஆடத் தெரியலே!” என்பான் ஜெயித்தவன். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பல சமயம் தோற்றவன் சொன்னதுதான் நியாயமாக இருந்திருக்கிறது!

ஆட்டம் என்ன?

1998-ல் அமெரிக்காவின் பிளிசார்டு கம்பெனி வெளியிட்ட ஆட்டம் இது. அதே வருஷக் கடைசியில் ‘புரூட் வார்’ என்ற இரண்டாம் பாகமும் வந்தது. தென்கொரியாவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். தெருவுக்குத் தெரு ‘பி.சி. பாங்’ என்ற கம்ப்யூட்டர் கடைகள் முளைத்தன. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து இளவட்டங்கள் இந்த ஆட்டத்தை ஆடித் தீர்த்தார்கள்.

அப்புறம் டெலிவிஷனுக்கு வந்தது. கம்பெனிகள் சம்பளம் கொடுத்து டீம் வைத்தன. 2004-ல் பூசான் நகரத்தின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த பைனலுக்கு ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர்! கடற்கரை கொள்ளவில்லை.

ஆட்டத்தில் மூன்று படைகள். மனிதர்களின் ‘டெர்ரன்’. பூச்சிக் கூட்டம் போல மொய்க்கும் ‘ஜெர்க்’. எண்ணிக்கை குறைந்தாலும் பலம் மிகுந்த ‘புரோட்டாஸ்’. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும்போது எல்லோருக்கும் 4 வேலைக்காரர்கள், கையில் 50 கனிமம். கனிமத்தை வெட்டி, வாயுவை எடுத்து, கட்டடம் கட்டி, படை திரட்டி, எதிராளியை அழிக்க வேண்டும். எதிராளி என்ன செய்கிறான் என்பது தெரியாது. இருட்டு மூடியிருக்கும். ஒற்றன் அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று படையும் மூன்று விதம். ஒன்றின் பலம் இன்னொன்றின் பலவீனம். ஆகவே களத்தில் ஒரு மேட்டைக் கூட்டினால் ஒருவனுக்கு லாபம். ஒரு சந்தைக் குறுக்கினால் இன்னொருவனுக்கு நஷ்டம். வம்பு தொடங்குவது இங்கேதான்.

2001 பைனல்: ஆறாத புண்

2001 செப்டம்பர். கோகோ கோலா ஆதரவில் நடந்த ஸ்டார் லீக் பைனல். ஒரு பக்கம் டெர்ரன் வீரர் லிம் யோ-ஹ்வான். ரசிகர்கள் வைத்த பட்டம் ‘சக்கரவர்த்தி’. மறுபக்கம் ஜெர்க் வீரர் ஹாங் ஜின்-ஹோ. புயல் வேகத்தில் பாய்கிறவர் என்பதால் அவருக்குப் ‘புயல் ஜெர்க்’ என்று பெயர்.

மொத்தம் 5 ஆட்டம். லிம் 3, ஹாங் 2. மயிரிழையில் பட்டம் போயிற்று.

அந்த லீக்கில் இருந்த மேப்புகளில் ஒன்று ‘ரக்னராக்’. அந்தக் களத்தில் டெர்ரனை எதிர்த்து ஜெர்க் ஆடுவது மலையேறுகிற மாதிரி என்பது ஜெர்க் ரசிகர்களின் புகார். அன்று கிளம்பிய முணுமுணுப்பு இன்றும் அடங்கவில்லை. “நேரான மேப்பாக இருந்திருந்தால்...” என்று இழுக்கும் ரசிகர்கள் கொரியாவில் இப்போதும் உண்டு.

சும்மா சொல்லக்கூடாது. லிம் அசகாய சூரர். சாதாரண சிப்பாய்களை வைத்துக்கொண்டே அவர் காட்டிய வித்தையை அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை. மேப் மட்டும்தான் அவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் வாய் அழுகிப் போகும்.

ஆனால் ஹாங் என்ன ஆனார்? 2011-ல் ஓய்வு பெறும் வரை பெரிய தனிநபர் லீக் பட்டம் ஒன்றைக்கூட அவர் வாங்கவில்லை. பைனல் பைனலாகப் போனார். போன இடத்திலெல்லாம் இரண்டாம் இடம்! ‘2’ என்ற எண்ணே அவருக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. பிற்பாடு அவர் டெலிவிஷன் நட்சத்திரமாகி அந்தக் கேலியைத் தானே சிரித்து ஏற்றுக்கொண்டது வேறு கதை.

அவர் தோற்றது ஆட்டத்தாலா, களத்தாலா? இனி யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. கோணல் களத்தின் மிகப் பெரிய பாவம் அதுதான். தோற்றவனுக்குத் தோல்வியும் உறுதியில்லை. ஜெயித்தவனுக்கு வெற்றியும் உறுதியில்லை. இரண்டு பேர் பெயரிலும் கறை!

கோணல் எங்கே ஒளிந்திருக்கிறது?

“படத்தைப் பார்த்தால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்று கேட்கலாம். பார்வைக்கு ஒரே மாதிரிதான். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

மேட்டைப் பாருங்கள். பழைய ஸ்டார் கிராப்டில் பள்ளத்தில் நின்று மேட்டை நோக்கிச் சுட்டால் ஏறக்குறைய பாதிக் குண்டு வீண்! 100 தோட்டாவில் சுமார் 47 குறி தவறும். மேலே நிற்பவன் கீழே சுட்டால் அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே ஒரு சரிவுப் பாதையைப் பத்தடி தள்ளி வைத்தாலே போரின் முடிவு மாறிப்போகும்.

குன்றைப் பாருங்கள். ‘லாஸ்ட் டெம்பிள்’ என்ற பழம்பெரும் மேப். கொரியாவில் இதை ஆடாத பையன் இல்லை. இரண்டாவது முகாம் போட வேண்டிய இடத்துக்கு நேர் மேலே ஒரு குன்று. தரை வழியாக ஏற முடியாது. டெர்ரன் என்ன செய்வான்? விமானத்தில் டாங்கியைத் தூக்கி வந்து அங்கே இறக்குவான். நிலைகொண்ட டாங்கிக்கு 12 கட்டம் வரை குண்டு எட்டும். ஜெர்க்கின் தரைக் காவலுக்கு எட்டுவது 7 கட்டம். மேலிருந்து ‘டமால்... டமால்...’ கீழே இருப்பவன் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான்!

இதற்கு ஜெர்க் ஆட்டக்காரனைக் குற்றம் சொல்ல முடியுமா? குன்றை வைத்தது அவனா?

பாதையைப் பாருங்கள். ஜெர்க்குக்கு 50 கனிமத்தில் இரண்டு குட்டிப் பூச்சிகள் கிடைக்கும். கூட்டமாகச் சூழ்ந்து கடிக்க வேண்டும். அதற்கு வெட்டவெளி தேவை. பாதை சந்து மாதிரி இருந்தால் வரிசையில் வந்து வரிசையில் சாகும். அதே சந்து டெர்ரன் டாங்கிக்கு வெல்லக்கட்டி. வெளியை அகலமாக்கினாலோ டாங்கிக்காரன் பாடு திண்டாட்டம்.

இடத்தைப் பாருங்கள். நான்கு மூலை உள்ள களத்தில் இரண்டு பேர் ஆடுவார்கள். யாருக்கு எந்த மூலை என்பது குலுக்கல். எதிராளி மூன்று மூலையில் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டும். ஒருவனுடைய ஒற்றன் முதல் மூலையிலேயே கண்டுபிடித்துவிடுவான். மற்றவனுடைய ஒற்றன் ஊரெல்லாம் சுற்றிக் கடைசி மூலைக்கு வருவான். அதற்குள் காரியம் முடிந்துபோகும்.

வாயு ஊற்றைப் பாருங்கள். வேடிக்கையே இதில்தான். முகாமுக்கு எந்தப் பக்கம் ஊற்று இருக்கிறது என்பதைப் பொறுத்து வாயு வரத்து மாறும். சில பக்கத்தில் 3 வேலைக்காரர்கள் போதும். சில பக்கத்தில் 4-வது ஆளை விட்டால்தான் அதே அளவு கிடைக்கும். புதிதாகப் பிறக்கும் சிப்பாய்கள் கட்டடத்தின் இடது கீழ் மூலை வழியாகத்தான் வெளியே வருவார்கள். ஆக, மேலே இருக்கும் முகாமும் கீழே இருக்கும் முகாமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி அச்சாக இருந்தாலும் ஆடும்போது ஒன்றல்ல!

படம் சமமாக இருக்கிறது. ஆட்டம் சமமாக இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடி, தோற்று, வயிறெரிந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள்.

பூட்டிவிட்டுப் போன கம்பெனி

2001 மே மாதம் வரை பிளிசார்டு கம்பெனி படைகளின் விலை, பலம், வேகம் எல்லாவற்றையும் அவ்வப்போது திருத்தி வந்தது. அந்த மாதம் வெளியான 1.08 திருத்தத்தோடு அது நின்றுபோயிற்று. 2017-ல் படத்தை மெருகேற்றிப் புதுப் பதிப்பு வந்தபோதும் படைகளின் கணக்கில் கை வைக்கவில்லை.

அப்படியானால் மூன்று படைகளையும் தராசில் நிறுத்தியது யார்? மேப் தயாரித்தவர்கள்தான்!

சீசனுக்கு சீசன் கொரிய லீக்குகள் களத்தை மாற்றின. ஒரு படை கொழுத்துப் போனால் அதற்குப் பாதகமான மேடு பள்ளத்தோடு புது மேப் வரும். இருக்கும் மேப் ஒரு பக்கம் சாய்ந்தால் சந்தை அகலப்படுத்தி, குன்றைத் தள்ளி வைத்து, பெயருக்கு முன்னால் ‘நியோ’ என்று சேர்த்துப் புதுப் பதிப்பாக விடுவார்கள். பெயரில் ‘நியோ’ இருந்தால் முதல் பதிப்பைச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று ரசிகர்கள் புரிந்துகொள்வார்கள்.

இந்த ஆட்டம் இத்தனை வருஷம் சாகாமல் இருப்பதற்கு அந்தக் கொத்தனார்கள்தான் முக்கிய காரணம். கோணலைக் கண்டால் இடித்துக் கட்டினார்கள். “கோணலே இல்லை” என்று அடம்பிடிக்கவில்லை. எல்லா ஊருக்கும் பாடம் இது.

புது ஆட்டத்திலும் பழைய வம்பு

2010 ஜூலையில் ‘ஸ்டார் கிராப்ட்-2’ வந்தது. புதுப் படம், புது மெருகு, உலகமெல்லாம் தடபுடல். மேப் மட்டும் பழைய குருடி!

‘ஸ்டெப்ஸ் ஆப் வார்’ என்று ஒரு களம். இரண்டு முகாமுக்கும் நடுவில் அவ்வளவு குறைந்த தூரம். ஜெர்க் இரண்டாவது முகாமுக்கு அடிக்கல் போடுவதற்குள் எதிராளி வாசலில் வந்து நிற்பான். ‘மெட்டலோபோலிஸ்’ என்று இன்னொன்று. நான்கு மூலைக் களம். குலுக்கலில் தூர மூலை விழுந்தால் நியாயமான போர். பக்கத்து மூலை விழுந்தால் ஜெர்க்குக்கு அன்றைக்கு சனி தசை!

சீட்டு விழுந்த மூலையே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டால் அப்புறம் ஆட்டம் எதற்கு? திருவிழாக் கூடாரத்தில் லக்கி டிப் எடுத்துவிட்டுப் போகலாமே!

கூச்சல் கிளம்பியது. கொரியாவின் ஜி.எஸ்.எல். லீக் 2011-ல் பெரிய, விசாலமான புது மேப்புகளைக் கொண்டுவந்தது. கம்பெனியும் பக்கத்து மூலைகளில் இருவரை இறக்குவதைச் சில மேப்புகளில் நிறுத்தியது. உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆட்டம் முன்னைவிட நன்றாகத்தான் நடந்தது.

கேள்வி என்னவென்றால், முதலிலேயே அதைச் செய்திருக்கக்கூடாதா?

“சமாளிப்பதுதானே திறமை?”

எதிர்க்கட்சி வாதம் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும்.

“களம் ஒரே மாதிரி இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும். புது மேப்பில் புது யுக்தி கண்டுபிடிப்பவன்தான் வீரன். அழுமூஞ்சிகளுக்காகக் களத்தைத் தட்டையாக்க முடியுமா?”

பாதி நியாயம். தட்டைக் களத்தை யாரும் கேட்கவில்லை. மேடு வேண்டும், பள்ளம் வேண்டும், குன்றும் வேண்டும். வித்தியாசம் வேறு, சாய்மானம் வேறு. களம் இரண்டு பேருக்கும் சோதனை வைத்தால் அது வித்தியாசம். ஒருவனுக்கு மட்டும் சோதனை, மற்றவனுக்குச் சோறு என்றால் அதுதான் சாய்மானம்.

கிரிக்கெட்டில் இல்லாத கோணலா? 2021-ல் ஐக்கிய அரபு நாடுகளில் 20 ஓவர் உலகக் கோப்பை நடந்தது. துபாயில் ராத்திரிப் பனியில் பந்து சோப்பு மாதிரி வழுக்கியது. டாஸ் ஜெயித்தவர்கள் பந்துவீச்சைக் கேட்டு வாங்கினார்கள். பைனலிலும் டாஸ் ஜெயித்த ஆஸ்திரேலியா முதலில் பந்து வீசி, நியூசிலாந்தை 8 விக்கெட்டில் வீழ்த்தியது. “டாஸே மேட்ச்சை முடித்துவிட்டதே!” என்று ரசிகர்கள் அங்கலாய்த்தார்கள்.

ஆனால் டாஸ் இன்று உனக்கு விழும், நாளை எனக்கு விழும். மேப்பின் கோணல் அப்படியல்ல. கொரியாவின் தொழில்முறை ஆட்டக்காரர் ஒரே ஒரு படையைத்தான் வருஷக்கணக்கில், தினமும் காலையிலிருந்து இரவு வரை பழகுகிறார். திடீரென்று படை மாற முடியாது. ஜெர்க்குக்குப் பாதகமான மேப் என்றால் ஒரே ஆள்தான் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவார். நாணயத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம்!

கிழக்கு நாடுகளில் ஆடும் ‘கோ’ ஆட்டத்தைப் பாருங்கள். கொரியாவில் அதற்குப் ‘பாடுக்’ என்று பெயர். கறுப்புக் காய் முதலில் ஆடும். அது லாபம் என்று தெரிந்ததும் வெள்ளைக்கு ஈட்டுப் புள்ளி கொடுத்தார்கள். ஜப்பானில் 4½ புள்ளி கொடுத்தார்கள். போதவில்லை என்று தெரிந்ததும் 5½ ஆக்கினார்கள். அதுவும் போதவில்லை, 2002-ல் 6½ ஆக்கினார்கள். தாத்தா காலத்து ஆட்டம் என்று கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஜெயித்தது எத்தனை, தோற்றது எத்தனை என்று எண்ணினார்கள். கணக்குப் பார்த்துத் திருத்தினார்கள்.

ஆயிரக்கணக்கான வருஷப் பழமை உள்ள ஆட்டமே திருந்தும்போது, நேற்று வரைந்த மேப்புக்கு என்ன வீறாப்பு?

அவசரமும் கூடாது

தோற்றவன் கத்தியதும் மேப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? அதுவும் தப்பு.

10 ஆட்டத்தில் 7-க்கு 3 என்று வந்தால் உடனே “மேப் மோசம்” என்பார்கள். நாணயத்தை 10 தடவை சுண்டிப் பாருங்கள். கொஞ்சமும் கோணலில்லாத நாணயமே மூன்று முறைக்கு ஒரு முறை 7-3 அல்லது அதைவிட மோசமாக விழும்! ஆகவே 10 ஆட்டத்தை வைத்துத் தூக்குத் தண்டனை கூடாது.

ஆனால் 100 ஆட்டத்தில் 70-க்கு 30 என்று வந்தால்? நேரான நாணயம் அப்படி விழுவது அபூர்வத்திலும் அபூர்வம். அதற்கு அப்புறமும் “இன்னும் பார்க்கலாம்” என்று இழுப்பவர்கள் கோணலுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

என்ன செய்யலாம்?

வழி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.

களத்தை லீக்கில் விடுவதற்கு முன்னால் மூன்று படை வீரர்களும் ஆடிப் பார்க்கட்டும். வரைந்தவர் ஒருவரே நீதிபதியாக இருக்க வேண்டாம்.

எந்த மேப்பில், எந்தப் படை, எந்த மூலையிலிருந்து, எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்ற கணக்கை லீக் நடத்துகிறவர்கள் வாராவாரம் பகிரங்கமாகப் போடட்டும். ரசிகர்கள் எண்ணிச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்ன அளவுக்கு மேல் சாய்ந்தால் மேப் வெளியே என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைக்கட்டும். பாதியில் விதி எழுதினால் அதிலும் ஒரு கோணல் புகுந்துகொள்ளும்.

பிடிக்காத மேப்பை விலக்கும் உரிமை ஆட்டக்காரனுக்கு வேண்டும். ஒரு ஆட்டம் தோற்றவன் அடுத்த களத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பைனலில் ஒரே மேப்பை இரண்டு தடவை வைக்கவே கூடாது.

இது வெறும் பொம்மைச் சண்டை, இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் படிப்பை ஒதுக்கிவிட்டு, விடுதியில் தங்கி, கண் எரிய எரியப் பழகும் பையன்களின் பிழைப்பு இது. கை வேகம் குறைந்தால் வாழ்வு முடிந்தது. போதாததற்குக் கொரிய ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய ராணுவ சேவை வேறு. சக்கரவர்த்தி லிம்மும் அதற்குத் தப்பவில்லை. விமானப்படை 2007-ல் தனக்கென்று ஒரு டீம் தொடங்கியபோது அவர் சீருடை போட்டுக்கொண்டு அதில்தான் ஆடினார். ஆக, ஒரு வீரனுக்கு உச்சத்தில் இருக்கக் கிடைப்பது நாலைந்து வருஷம். பைனல் ஒன்றோ இரண்டோ. அந்த ஒரு நாளில் களம் சாய்ந்திருந்தால், போனது போனதுதான். யார் திருப்பிக் கொடுப்பது?

கோணலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் கருவி இருக்கிறது. கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கிற மாதிரி, லீக்காரர்கள் கையில் வெற்றி தோல்விக் கணக்கு இருக்கிறது. அதை எடுத்துத் தரையில் வைத்துப் பார்க்கட்டும்.

குமிழ் நடுவில் நின்றால், தோற்றவனை தாராளமாகக் கேலி செய்யலாம். நிற்காவிட்டால், முதலில் கூடத்தை இடித்துக் கட்டுங்கள். ஆடத் தெரியுமா தெரியாதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!